சிவப்பு வயிற்றுக்காரி

குடிநீர் நிலையத்தில் மோட்டார் இயக்கும் பம்ப் அக்காவுக்குப் பதினோரு வருட வேலையில் இருந்தது ஒரே ஒரு பகைதான். வடிகட்டும் தொட்டிக்குப் பின்னால் ஒரு மண் சரிவு. அதில் பழுப்புத் தேனீக்கள் ஆளுக்கொரு வளை தோண்டிக் குடியிருந்தன. காலெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு தள்ளாடி வந்து இறங்கும். அவை வெளியே போன நேரம் பார்த்து, வயிறு சிவந்த இன்னொரு வகைத் தேனீ வெறுங்காலோடு உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிட்டு நழுவும். அதன் புழு, வீட்டுக்காரியின் முட்டையைக் கொன்று, சேர்த்து வைத்த மகரந்தத்தைத் தின்று வளரும். ஒரு வளையைத் தோண்டிப் பார்த்து இதைத் தெரிந்துகொண்ட நாள்முதல் அக்கா செருப்பும் கையுமாக நின்றாள்.

இந்த ஆண்டு சரிவுக்குக் கான்கிரீட் பூச உத்தரவு வந்தது. தடுக்க வழியுண்டா என்று கேட்க, பூச்சிகளை ஆராயும் பெண் ஒருத்தியை அக்காவே வரவழைத்தாள்.

“பழுப்பு எங்க பார்த்தாலும் இருக்குக்கா. அதுக்காக நிறுத்த மாட்டாங்க. சிவப்பு வயிறோட ஒண்ணு வருமா? குயில் தேனீ. அழிஞ்சுட்டு வர்ற இனம். திங்கட்கிழமை வேலை தொடங்குறதுக்குள்ள ஒரு போட்டோ கிடைச்சா நிறுத்திடலாம்.”

“அதுவா? போன வருஷம் மட்டும் நாப்பது அடிச்சிருப்பேனே!”

அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

வீட்டில் அக்காவின் கணவர் கேலியை விடவில்லை. “அடிச்சவளே தேடுறா. இனி திருட்டு நடக்கணும்னு வேண்டிக்க.”

“சும்மா இருங்க. வர்றது சிரிப்பா, அழுகையான்னே தெரியல.”

நல்லெண்ணம் கண்ணை மறைக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அவளோ நன்றாகப் பார்த்துத்தான் அடித்தாள்.

மூன்று நாள் பழுப்பு மட்டுமே வந்தது. ஞாயிறு நண்பகலில் சிவப்பு தெரிந்தது. அக்காவின் கை செருப்பைக் கழற்றிவிட்டது. பிறகுதான் மறு கையில் போன் இருப்பது நினைவுக்கு வந்தது. சிவப்பு ஒரு வளைக்குள் போய், சற்றுப் பொறுத்துப் பின்பக்கமாக வெளியே வந்தது. மூன்று படம் எடுத்து அனுப்பினாள்.

உடனே அழைப்பு. “அதேதான்க்கா! சரிவு தப்பிச்சிருச்சு!”

“வீட்டுக்காரி இப்பத்தான் வந்தா. கால் நிறைய மகரந்தம். உள்ள போயிருக்கா.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “அந்த வளைய மட்டும் தோண்டி, ஒரு முட்டைய எடுத்துடவா?”

“எந்த முட்டையக்கா?”

அக்கா வளையைப் பார்த்தபடியே, கழற்றிய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.