விளக்கு வைக்கும் வேளையில் தூங்கியவன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர் என்று சுற்றிவிட்டு, அரியமங்கலத்தில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் இரவு ஷிஃப்டுக்குச் சேர்ந்தேன். தங்கியது ஸ்ரீரங்கத்தில், ஒரு வீட்டின் வாசலை ஒட்டிய அறையில்.

இரவில் வேலை செய்வது பெரிய விஷயமில்லை. பகலில் தூங்குவதுதான் பெரும்பாடு. காலையில் வந்து படுத்தால் வெயில் ஏற ஏற உடம்பு விழித்துக்கொள்ளும். நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கும். தெருவில் கீரைக்காரர் கூவுவார், சிலிண்டர் வண்டி வரும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும். ராத்திரி தூங்குகிறவனுக்காகத் தெருவே வாயை மூடுகிறது. பகலில் தூங்குகிறவனை யாரும் மனுஷனாகவே எண்ணுவதில்லை. மதியம் சாய்ந்த பிறகுதான் எனக்குக் கண் சொருகும்.

அந்தத் தூக்கத்தையும் வீட்டுக்கார மாமி பிடுங்கினார். பொழுது சாய்ந்ததும் கதவு தடதடக்கும்.

"விளக்கேத்தற வேளையில படுத்துண்டிருக்கப்படாதுப்பா. மகாலக்ஷ்மி உள்ள வர நேரம்."

"நான் ஓரமாத்தானே மாமி படுத்திருக்கேன்? தாண்டிப் போகட்டுமே."

"பரிகாசம் பண்ணாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தினமும் இதே நல்லது. உடம்பு தேய்ந்தது. ஒருநாள் வேலை முடியப்போகும் நேரத்தில், தகட்டைத் தள்ளியபடியே, நின்றவாக்கில் தூங்கிப்போனேன். பக்கத்து மெஷின்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கை தப்பியது; கையுறையின் நுனி போய்விட்டது.

"தூங்கணும்னா வீட்ல தூங்கிட்டு வாங்கண்ணே. இது விரலை எடுத்துட்டுத்தான் எழுப்பும்" என்றார்.

வீட்டில் விட்டால்தானே!

அன்று மாலை கதவு தட்டப்பட்டதும் கையுறையை மாமியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதோட என் விரலும் போயிருக்கும்."

"பெருமாளே" என்று நெஞ்சில் கை வைத்தார். நிஜமாகவே பதறிவிட்டார். பிறகு ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணேன். அந்த வேளைக்கு மட்டும் உக்காந்துண்டே தூங்கு. படுக்கறதுதான் ஆகாது."

"உக்காந்து தூங்குறதுக்கு பஸ் ஸ்டாண்டு போதும் மாமி. அங்க யாரும் விளக்கேத்த மாட்டாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மறுநாள் பையைக் கட்டினேன்.

இப்போது துவாக்குடியில் இருக்கிறேன். அறையில் மூன்று பேருமே இரவு வேலைக்காரர்கள். ஜன்னலில் அட்டை அடித்திருக்கிறோம். சாயங்காலம் எவரும் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அந்த வேளைக்கு உடம்பு தானாகவே விழித்துக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்து, மாமியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுபடி படுக்கிறேன். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.