இருபத்து மூன்றாம் நம்பர்

பொங்கல் முடிந்து வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம் அது உச்சத்துக்குப் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

தாம்பரத்தில் ஒன்றாகப் பத்தாவது படித்த நாங்கள் அன்றைக்கு வருஷா வருஷம் கூடுகிறோம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு மினி ஹால். கீழே பைக் நிறுத்த இடம் இருக்காது. மேலே ஏறினால் காற்று வராத மூலைதான் நமக்கு மிச்சமிருக்கும். முதல் இரண்டு வருஷம் ஆசையாகப் போனேன். பிறகு அதே பேச்சு, அதே ஆட்கள். ஒருவன் வாங்கிய ஃபிளாட், ஒருத்தி மகளுக்குக் கிடைத்த விசா, எல்லோருடைய சர்க்கரை அளவு. அடுத்த வருஷம் போகக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் பைக்கில் திரும்பும்போது முடிவெடுப்பேன். ஆனாலும் போய் நிற்பேன்.

அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எங்களோடு படித்து, படித்த பள்ளிக்கே ஆசிரியராகப் போனவன் ஒருவன் உண்டு. அவனை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வகுப்பின் பழைய வருகைப் பதிவேட்டை எந்தப் பீரோவிலிருந்தோ தோண்டியெடுத்து ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறான். சாப்பாட்டுக்கு முன்னால் அதை வைத்து அட்டெண்டன்ஸ் எடுப்பான். நம்பரையும் பேரையும் படிப்பான், ஆள் எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஐம்பது வயதில் அப்படிச் சொல்வதில் ஒரு சிரிப்பு. வராதவர்களுக்குப் பதில் கிடையாது, அடுத்த நம்பருக்குப் போய்விடுவான். இறந்துபோனவர்களின் பேர் வந்தால் மட்டும் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் “உள்ளேன் ஐயா” என்போம். யார் ஆரம்பித்து வைத்தது என்று ஞாபகமில்லை. அந்த நேரத்தில் மட்டும் ஹாலில் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

இருபத்து மூன்றாம் நம்பர் என் பெஞ்சுக்காரன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பரீட்சையில் கோட்டு அடித்தான், அதாவது பெயில், அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். வாட்ஸ்அப் குரூப்பில் அவன் இல்லை. யாரிடமும் அவன் நம்பரும் இல்லை. வீடு மட்டும் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் தெருவில்.

நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரில் அவன் தெருமுனைச் சுவரில் ஒரு போஸ்டர். மேல்பாதியை எவனோ டியூஷன் விளம்பரம் ஒட்டி மறைத்திருந்தான். ஓரத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தெரிந்தது. கீழே அவன் முகம், அதற்கும் கீழே அவன் பேர். பஸ் மெதுவாகத்தான் நகர்ந்தது. நன்றாகப் பார்த்தேன். மீசை கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. தொழிற்சாலை கேட் வருவதற்குள் குரூப்பில் செய்தியைப் போட்டுவிட்டேன். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. “நல்லவன்டா அவன்” என்று எழுதினான் ஒருவன், பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரு வார்த்தை பேசியிராதவன். மத்தியானத்துக்குள் வேறொருவன் வீட்டுக் கிரகப்பிரவேச அழைப்பு வந்து அந்தக் கைகளை மேலே தள்ளிவிட்டது. அடுத்து வந்த ஜனவரியிலிருந்து இருபத்து மூன்றாம் நம்பருக்கு எல்லோரும் சேர்ந்து பதில் சொல்கிறோம். என் குரல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே வரும்.

போன டிசம்பரில் மகளைப் பொத்தேரியில் அவள் தங்கியிருக்கும் விடுதியில் விடப் போயிருந்தேன். அவள் கல்லூரி அங்கேதான். விடுதி வாசலில் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றிருந்தது. தோளில் ஒரு தண்ணீர் கேனும் கையில் ஒரு தண்ணீர் கேனுமாக வண்டியைச் சுற்றி வந்த ஆள் என்னைப் பார்த்து நின்றான். தலை முழுக்க வழுக்கை. கேன்களைக் கீழே வைத்தான்.

“டேய் மச்சான்! இன்னாடா, பேயப் பாத்தா மாரி பாக்கற?”

குரல்தான் அடையாளம் சொன்னது: இருபத்து மூன்றாம் நம்பர். அவன் ஈரக்கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினான். மகளைப் பார்த்து, “உங்கப்பனும் நானும் ஒரே பெஞ்சும்மா” என்றான். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவன் பேசிக்கொண்டே போனான். வண்டி அவன் அண்ணனுடையதாம்.

“அண்ணன் போய் அஞ்சு வருசம் ஆவுது மச்சான். நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். பெருங்களத்தூர் பூரா போஸ்டர் அடிச்சி ஒட்டனேன். பெத்த புள்ள மாரி என்ன வளத்தவரு. அதுலேர்ந்து வண்டிய நான்தான் ஓட்டிகினு கீறேன்.”

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலியில் போனவர் படம் மேலே இருக்கும். அழுகிறவர் படமும் பேரும் கீழே இருக்கும், சில சமயம் போனவர் படத்தைவிடப் பெரிதாக. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டியூஷன் விளம்பரம் மறைத்தது அண்ணனை. நான் பார்த்தது அழுதவனை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே ஆரம்பித்தான்.

“யாரோ நெட்ல போடற உங்க மீட்டிங் போட்டோ எல்லாம் பையன் போன்ல காட்டுவான். எல்லாரும் ஜம்முனு கீறீங்க. எனக்குத்தான் ஒருத்தனும் சொல்லல. கோட்டு அடிச்சவன், தண்ணி கேன் போடறவன், இவன் எதுக்குன்னு வுட்டுட்டீங்க. வுடு, பரவால்ல.”

பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. “அப்படியெல்லாம் இல்லடா, உன் நம்பர் இல்ல, அதான்” என்றேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. உயிரோடு எதிரில் நிற்கிறவனிடம், நீ செத்துப்போய் ஐந்து வருஷமாகிறது, நான்தான் உன்னைச் சாகடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? “இந்த வருஷம் நீ கண்டிப்பா வர்ற” என்று சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன். மறைமலை நகரில் வீடு இருக்கிறவன் மாதிரி, என் வீடு இருக்கும் தாம்பரத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போய்விட்டுத்தான் திரும்பினேன்.

அதற்கப்புறம் ஆறு வாரம் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குரூப்பில் எழுதுவேன், அழிப்பேன். ‘நண்பர்களே, ஒரு நல்ல செய்தி’ என்று தொடங்கினால் அசடு வழிகிறது. ‘ஒரு சிறு திருத்தம்’ என்றால் அதைவிடக் கேவலம். வாத்தியாருக்கு மூன்று முறை போன் செய்தேன். ஒரு முறை பிரியாணியா வெரைட்டி ரைஸா என்று பேசி முடித்தோம். இன்னொரு முறை அவன் மைத்துனனின் மூட்டு வலி. மூன்றாம் முறை அவனே, “என்னடா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?” என்றான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பார்த்து மனைவிக்கு எரிச்சல் வந்தது. “தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சுது. என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி ஏன் இப்படிச் சுத்துறீங்க?”

“கொலைதானே பண்ணியிருக்கேன்” என்றேன். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஹாலுக்குப் போனேன். வாத்தியார் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு. அவன் வரும்போதே கேட்டரிங் ஆளோடு போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்தான். கையைப் பிடித்து, “ஒரு முக்கியமான விஷயம்” என்றேன். “அட்டெண்டன்ஸ் முடியட்டும்டா, அப்புறம் உக்காந்து பேசலாம்” என்று கையை உதறிக்கொண்டு பேனர் கட்டப் போய்விட்டான். வாசலுக்கும் படிக்கும் நடந்தேன். என் பெஞ்சுக்காரனுக்குப் போன் செய்து வராதே என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

வாத்தியார் பதினெட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர் துணைக்கு வந்திருக்கிறார் என்பது போல எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். என் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தது போலவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வியர்த்திருந்தது அவனுக்கு. “என் நம்பர் வந்துச்சா?” என்று கிசுகிசுத்தான். இல்லை என்று தலையாட்டினேன். பத்தொன்பது. இருபது. எழுந்து கத்தியிருக்கலாம். எழவில்லை.

இருபத்து மூன்று என்று வாத்தியார் அவன் பேரைப் படித்தான். இவன் எழுந்து வாயைத் திறந்தான். அதற்குள் ஹாலே எழுந்து நின்று ஒரே குரலில், “உள்ளேன் ஐயா!”

அவன் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டேய், இத்தினி பேருக்கு என் ஞாபகம் கீதாடா” என்றான். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

முப்பத்தொன்று வந்தது. மறுபடியும் எல்லோரும் எழுந்து சொன்னார்கள். இவனும் சந்தோஷமாக எழுந்து சேர்ந்து சொன்னான். பிறகு முப்பத்தொன்றாம் நம்பரைத் தேடி அப்படியும் இப்படியும் பார்த்தான். காணோம் என்றதும் முன் நாற்காலிக்காரனின் தோளைத் தட்டி, “அவன் எங்க குந்திகினு கீறான்?” என்று கேட்டான்.

முன் நாற்காலிக்காரன் மரியாதையாகத் திரும்பினான். “அவன் கொரோனால தவறிட்டான் சார். இறந்தவங்களுக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து சொல்றது வழக்கம்.”

இவன் மெல்ல என் பக்கம் திரும்பினான். “அப்ப நானு?”

இனி ஒளிய இடமில்லை. எழுந்தேன். வாத்தியார் முப்பத்து நான்கில் நின்றான். “இருபத்து மூணு சாகல. இதோ உக்காந்திருக்கான். அன்னைக்கு நான்தான் போஸ்டரைத் தப்பா பார்த்துட்டு உங்களுக்குச் சொன்னேன். செத்தது இவன் அண்ணன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் ஹாலுக்குக் கேட்டுவிட்டது.

யாரோ ஒருவன் சிரித்தான், அதோடு கூரை பிய்த்துக்கொண்டது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். கிள்ளிப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், செல்பி எடுத்தார்கள். “செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிடா, உனக்கு நூறு வயசு!” என்றான் ஒருவன். என் தலையில் ஆளுக்கொரு குட்டு வைத்தார்கள். அவனும் சிரித்தான், எல்லோரையும்விட உரக்க. ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னான். கோபமே இல்லை அவனுக்கு. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சத்தம் அடங்கியபோது அவன் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டான். ஏதோ சாதாரணமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது போலத்தான் கேட்டான்.

“சரி மச்சான். நான் பூட்டேன்னு அஞ்சு வருசமா நெனச்சிகினு கீறீங்க. ஒருத்தனாவது வூட்டாண்ட வந்தீங்களாடா?”

வாத்தியார் கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது என நான் சொல்ல முடியாது. பத்தாவது பரீட்சைக்கு முந்தின ஒரு மாதம் முழுக்க, என் வீட்டில் இடமில்லை என்று அவன் வீட்டில்தான் படித்தேன். மத்தியானச் சோறும் அவன் அம்மாதான் போட்டார்கள்.