குளிப்பாட்டிய கன்று

செவலைப் பசு கன்று போட்ட அன்று என் நாத்தனார் எங்கள் வீட்டில் இருந்தது கெட்ட நேரம் என்றுதான் நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் போய்ப் பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுவது அவள் தொழில். கைராசிக்காரி என்று பேர். இரண்டு நாள் ஓய்வாக இருக்கலாம் என்று தெலுக் பங்லிமா காராங்குக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை.

எங்களிடம் இருப்பதே ஏழு மாடுகள். செவலைக்கு அது தலையீற்று. விடியும் நேரத்தில் கிடேரிக் கன்று விழுந்தது. நஞ்சுக்கொடியை என் வீட்டுக்காரர் சாக்கில் கட்டிப் பலா மரத்தில் தொங்கவிட்டார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மடி நிறையும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். பிறகு செம்பனைக் காட்டுப் பக்கம் புல் அறுக்கப் போய்விட்டார். செவலை கன்றை நக்க ஆரம்பித்திருந்தது. இனி பயமில்லை என்று நானும் மற்ற மாடுகளின் பாலை ஊற்றிவரக் கிளம்பினேன்.

திரும்பி வந்தால் கன்று பளபளவென்று நிற்கிறது. வெந்நீர், வாசனை சோப்பு, மஞ்சள், சாம்பிராணிப் புகை. நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வேறு.

"ஒடம்பெல்லாம் கொழகொழன்னு கெடந்துச்சு அண்ணி. பாவமா இருந்துச்சு லா" என்றாள்.

மாடு தன் பிள்ளையை மோந்துதான் அறியும். கன்று தள்ளாடிக்கொண்டு மடியைத் தேடிப் போனது. செவலை ஒருமுறை மோந்தது, தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. கன்று சாணத்தில் போய் விழுந்தது. மறுபடி எழுந்து போனது, மறுபடி முட்டு வாங்கியது.

முதல் நாள் சீம்பால் உள்ளே போகாத கன்று தேறாது. போன மழைக்காலத்தில் அப்படி ஒன்றைப் புதைத்திருக்கிறோம். செவலையின் பின்னங்கால்களை அணைத்துக் கட்டி, கறந்தாவது புகட்டலாம் என்று உட்கார்ந்தேன். அது பாலை இறக்காமல் எக்கிக்கொண்டது. ஒரு காசு அளவுக்குக்கூடச் சட்டியின் அடி நனையவில்லை. மற்ற மாடுகள் கன்று போட்டு மாதக்கணக்காகிவிட்டது. அவற்றிடம் சீம்பால் ஏது?

"ஒன் வேலையக் காட்ட வேற எடம் கெடைக்கலையா?" என்று கத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்றும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

வெயில் ஏறி வீட்டுக்காரர் வந்தபோது கன்று எழுந்து நிற்பதையே விட்டிருந்தது. வாயில் விரலை வைத்தேன். சப்பியது, ஆனால் பலமில்லை. அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"அதோட பழைய வாசன இன்னும் எங்கயாச்சும் இருக்கா அண்ணி?"

நான் பலா மரத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கட்டுனத அவுக்கக் கூடாது. மடி வத்திப் போயிரும்" என்றார்.

"மடி நெறஞ்சு யாருக்குங்க ஊத்தப் போறீங்க?" என்றேன்.

நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கையிலேயே அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிச் சாக்கை அவிழ்த்துவிட்டாள். எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் முகம் சுளிக்காமல் அதைக் கையில் எடுத்து, தலை, கழுத்து, முதுகு, கால் என்று பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் அதே வரிசையில் கன்றுக்குத் தேய்த்தாள். பிறகு கன்றைத் தூக்கிச் செவலையின் மூக்கடியில் நிறுத்தி, தானும் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டினால் முதல் முட்டு அவள் மேல்தான் விழும். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

செவலை மோந்தது. விடாமல் மோந்துகொண்டே இருந்தது. பிறகு நாக்கை நீட்டியது. கன்றை நக்கியது, நாத்தனாரின் கையையும் முழங்கை வரைக்கும் நக்கியது. அந்த நாக்கு அரம் மாதிரி இருக்கும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கன்று மடிக்குப் போய் இடித்துக் குடிக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் அவளைக் குளிக்கச் சொன்னேன்.

"காலையில இன்னொரு வாட்டி குடிக்கட்டும் அண்ணி, அப்புறமா குளிச்சிக்கிறேன்" என்று தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொசு பிய்த்தெடுத்தது.

"சாம்பிராணி போடட்டுமா?" என்று வீட்டுக்காரர் உள்ளிருந்து கேட்டார்.

வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.