நான் வெட்டிய ரோஜா

செடி வாங்கப் போனாலும் என் கை சும்மா இருக்காது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். தைத்து வரும் பனியனைப் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, பழுதானதை ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருமுனைக்கு வரும் ரோஜாச் செடி வண்டியிலும் அதையேதான் செய்தேன். ஒவ்வொரு பையாகத் தூக்கி, இலையைத் திருப்பி, தண்டை அழுத்திப் பார்த்துப் புள்ளியில்லாத ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்தேன். கூட வந்த என் மகள் எதையும் பார்க்கவில்லை. மஞ்சளில் ஓரம் மட்டும் சிவந்த ஒற்றைப் பூவோடு நின்ற நோஞ்சான் செடியைக் காட்டி, "எனக்கு இதும்மா" என்றாள். கிளை கோணல், இலையில் கரும்புள்ளி என்று நான் அடுக்கினேன். அவள் கேட்கவில்லை. என் சிவப்பு அந்தக் கோடையிலேயே கருகியது. அவளுடையது மொட்டை மாடித் தொட்டியில் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் ஒரு பையனையும் அவள் இப்படித்தான் தேர்ந்தெடுத்தாள். எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவன். சொந்த வீடு கிடையாது, ஆள் ஒல்லி, 'வாரியளா, போறியளா' என்று இழுக்கிற பேச்சு. இவனுடைய குறைகளையும் அவளிடம் அடுக்கினேன். கடைசியில், "போயும் போயும் ஒரு செகண்ட்ஸைத் தூக்கிட்டு வந்திருக்கற" என்றேன். பழுதென்று ஒதுக்கிய பனியனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் காதிலும் அது விழுந்தது. அந்த மாதமே பதிவுத் திருமணம் செய்துகொண்டு இருவரும் அருள்புரத்துக்குக் குடி போனார்கள்; அவன் அங்கேயே வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டான். கிளம்பும்போது மகள் என் முகத்தைப் பார்க்காமல், "ரோசாவ மட்டும் பாத்துக்கம்மா. பூத்தாச் சொல்லு, வந்து பாக்கறேன்" என்றாள்.

அருள்புரம் ஒன்றும் அமெரிக்கா இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பூ பூக்கட்டும், அவளே வருவாள் என்று பாரத்தைச் செடியின் தலையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவேன். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கிற தண்ணீரையே குடத்தில் சுமந்து ஊற்றுவேன். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெங்காயத் தோல் என்று யார் எதைச் சொன்னாலும் போடுவேன். காலையில் கிழக்கே இழுத்து வைத்த தொட்டியைச் சாயங்காலம் மேற்கே நகர்த்துவேன். "ஏம்புள்ள, முறைச்சுப் பாத்தாப் பூத்துருமா? அதை ஒரு எடத்துல நிக்க உடு" என்பார் என் வீட்டுக்காரர். ஞாயிறு தவறாமல் மகள் போன் செய்வாள். "பூத்துச்சாம்மா?" "இல்ல கண்ணு." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பிறகு செடியைப் படம் எடுத்து அனுப்புவேன்.

சித்திரையில் அடியிலிருந்து இரண்டு தளிர்கள் விரல் கனத்தில் கிளம்பின. பளபளவென்று நாளுக்கு நாள் ஏறின. பக்கத்தில் பழைய கிளைகள் புள்ளி விழுந்து சோர்ந்து நின்றன. பழுதான பீஸ் ஒன்று உள்ளே போனால் அனுப்பிய லாட் மொத்தமும் திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் டேபிள் பாடம். ஒரு காலை வேலைக்குக் கிளம்பும் முன், நூல் வெட்டுகிற டிரிம்மராலேயே பழைய கிளைகளை அடியோடு நறுக்கினேன். டிரிம்மர் மழுங்கிப்போனது. ஆனால் பல நாள் கழித்து மனசு நிம்மதியாக இருந்தது. 'இனிப் பாரு எப்படி வருதுன்னு' என்று பெருமையாகப் படம் அனுப்பினேன். 'சரிம்மா' என்று பதில் வந்தது.

செடி கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. முள் பெருகியது. மொட்டு மட்டும் இல்லை. ஆடியும் போய்விட்டது. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு செடி வண்டிக்காரரிடம் போனேன். அவர் இலையை எண்ணினார்.

"ஏனுங்க அக்கா, இது ஒட்டுக்குக் கீழ இருந்து வந்ததுங்களா?"

"ஒட்டுன்னா எதுங்க?" என்றேன். அவர் வண்டியிலிருந்து ஒரு செடியை எடுத்து, தண்டில் முண்டு போலிருந்த இடத்தைக் காட்டினார்.

"இதுக்குக் கீழ இருக்கறது காட்டு ரோசாங்க. வேருக்காக வெக்கறது. மேல ஒட்டுனதுதான் நீங்க வாங்குன பூ. கீழ தளிர் வந்தா அதைத்தான் கிள்ளோணும். நீங்க நல்லதை வெட்டிப்போட்டுக் காட்டுச் செடிய வளத்தியிருக்கறீங்க."

இலை, தண்டு, புள்ளி எல்லாம் பார்த்தவள் ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் பார்க்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. வண்டியில் அதே மஞ்சள், அதே சிவந்த ஓரம், மொட்டோடு ஒரு செடி இருந்தது. "அதே ரகந்தானுங்க. மாத்தி வெச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்றார். கையில் எடுத்தேன். நாலு நாளில் விரிந்துவிடும், மகள் வந்துவிடுவாள். வந்து அந்தப் பூவைத் தன் செடியின் பூ என்று நம்பி அவள் சிரித்தால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? செடியைத் திரும்ப வண்டியில் வைத்தேன்.

மாடிக்குப் போய் நானாகவே அவளுக்குப் போன் செய்தேன். ஒன்றேகால் வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"பூத்துருச்சாம்மா?"

"இல்ல கண்ணு. இனிப் பூக்காது. நாந்தான் வெட்டிப்போட்டேன்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"தெரியும்மா" என்றாள். "நீ அனுப்புன படத்தப் பக்கத்து ஊட்டு அக்காகிட்டக் காட்டுனேன். இது காட்டுச் செடின்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்பறம் எதுக்கு வாராவாரம் பூத்துச்சான்னு கேட்ட?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"வேற எதைக் கேட்டாலும் சண்டையாயிருமோன்னு பயம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்டப் போனைக் குடு" என்றேன். போன் கை மாறுவது கேட்டது. அன்று வாசலில் அவர் காதில் விழுந்த சொல்லுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும்.

"நல்லா இருக்கியளா அத்தே?" என்று அவர்தான் முதலில் பேசினார்.