சயாமிலிருந்து வந்தவரின் மனு

யுத்தம் முடிந்த மறு வருஷம், வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலையில் இருந்தேன். மயிலாப்பூரிலிருந்து டிராமில் போய் வருவேன். தமிழும் இங்கிலீஷும் நன்றாக வரும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

அடையாறில் வாடகைக்கு இருந்த ஒருவர், சென்னையிலேயே தங்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தகப்பனார் ஐரோப்பியர், தாயார் சயாம் தேசத்துப் பெண். மலாயா ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் சரளமாக வந்தது. திரும்பிப் போனால் தன்னைக் கொன்றுவிடுவார்கள், அடைக்கலம் வேண்டும் என்று எழுதியிருந்தார். யார் கொல்வார்கள், எதற்கு என்று எழுதவில்லை. வரும்போதெல்லாம் எனக்குக்கூட வணக்கம் சொல்வார். பாவம், சீக்கிரம் கையெழுத்தாகட்டும் என்று அவர் மனுவைக் காகிதக் கட்டின் மேலே எடுத்து வைத்ததும் உண்டு.

பிறகு தேனாம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தியாகராய நகரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் சித்தாள் வேலை. கடைத்தெருவில் அந்த மனுக்காரர் பேரம் பேசிய குரலைக் கேட்டே ஆளைக் கண்டுகொண்டு, பின்னாலேயே அடையாறு வரை நடந்து வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் விசாரித்து, அவர் மனு எங்களிடம் இருப்பதையும் தெரிந்துகொண்டிருந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன கூலிகளில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

அதிகாரி இருவரையும் எதிரெதிரே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“காலரா வந்தவங்கள ஒரு கொட்டாய்ல போட்டாங்கம்மா. கொளுத்துங்கடான்னு சொன்னது இந்த ஆளு. என் வூட்டுக்காரரு உள்ள முனகிக்கினு இருந்தாரு. உசுரு கீதுன்னு கத்துனேன். பிரம்பால அடிச்சு என்னை இஸ்துப் போட்டான்.”

அதை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னேன். மனுக்காரர் முகம் மாறவில்லை. என்னைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

“உத்தரவு ஜப்பான்காரன் போட்டதும்மா. அவன் சொன்னதைத் தமிழ்ல சொன்னேன். நீங்க இப்போ செய்றீங்களே, அதே வேலைதான்.”

அவள்தான் பதில் சொன்னாள்.

“பேச்ச மாத்திச் சொல்றவன் கையில பிரம்பு இன்னாத்துக்கு?”

அதையும் மொழிபெயர்த்தேன்.

அனுமதி கிடையாது என்று முடிவாயிற்று. சிக்கல் அதற்கப்புறம்தான். ஆளை எங்கே அனுப்புவது? இங்கே வழக்குப் போட வழியில்லை என்றார்கள். சயாமிலிருந்து பதிலே வரவில்லை. சிங்கப்பூரில் யுத்தக் குற்றங்களை விசாரித்தவர்கள், சாட்சியையும் அனுப்பினால் ஏற்கிறோம் என்றார்கள். அவளைக் கேட்டேன். “இன்னொரு தபா கப்பல் ஏற மாட்டேம்மா” என்றாள். அதிகாரி வழக்கை விடவில்லை. அவள் வாக்குமூலத்தை எழுதிக் கைநாட்டு வாங்கி அனுப்பினோம். மூன்று கடிதங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். போலீஸ் காவலில் அவரைக் கப்பலேற்ற அழைத்துப்போன அன்றும் எனக்கு வணக்கம் சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து ஒரு வரியில் கடிதம் வந்தது. ஐந்து வருஷம் சிறை. தேனாம்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன்.

“அஞ்சா?” என்றாள். “அதுல என் வூட்டுக்காரர் பேரு கீதா?” என்று கேட்டாள்.

“இதுல இல்லை. நாம எழுதி அனுப்பினதுல இருக்கு.”

“அத்தப் படிச்சுக் காட்டும்மா.”

அலுவலகக் காகிதத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. கையால் பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்தேன். புருஷன் பெயர் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, “வயசு தப்பு. முப்பத்தஞ்சு இல்ல, முப்பத்திநாலு” என்றாள்.

அங்கேயே திருத்தினேன். மறுநாள் அலுவலகப் பிரதியிலும் திருத்தினேன். சிங்கப்பூருக்குப் போனதில் தப்பு அப்படியேதான் இருக்கும்.