பின்பக்கத்து இடது கதவு

ஷரஃபுதீன் பாய் பெயரைச் சொன்னால் மைலாப்பூர் வக்கீல் வீடுகளில், "யார், அந்த மட்ட வார்னிஷ்காரனா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும். மட்டமாம், வார்னிஷாம்! அந்த மனுஷன் அடித்த மோட்டாரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நான் சீவியிருக்கிறேன். அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் பாய்க்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருந்தது. பழைய மோட்டாரைச் சுரண்டி, தேய்த்து, கோட்டு மேல் கோட்டாக வார்னிஷ் அடித்துப் புதிதாக்கித் தருவது தொழில். கடைசிக் கோட்டு அடிக்கிற நாளில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போவார். சட்டையிலிருந்து ஒரு நூல் பறந்தாலும் ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளுமாம். சம்சாரம் ஹாஜிரா பீ சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "வெளியவே நில்லு, தூசி வரும்" என்ற குரல் மட்டும்தான் வரும். வேறு நேரங்களில் அவ்வளவு சாதுவான மனுஷனைப் பார்க்க முடியாது.

முப்பத்தோராம் வருஷம் தை மாதம் என் முதலாளி வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் தன் மோட்டாரை அவரிடம் விட்டார். நான் வக்கீலுக்குக் குமாஸ்தா, பெயர் பஞ்சாட்சரம். பதினெட்டு நாள் கழித்து வண்டி கரும்பச்சை நிறத்தில் லஸ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. வக்கீலுக்கு ஒரே பூரிப்பு.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவர் காஸ்பரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். "அடிச்சது பாதி வேலைதான், நைனா. மீதி உன் கைல கீது. மொத மாசம் இது பச்சப் புண்ணு மாதிரி. இந்த வூட்டுக் கெணத்துத் தண்ணி உப்பு, அத்த ஊத்தாத. காஞ்சா வெள்ள வெள்ளயா வட்டம் வுழும். தெருக் கொழாய்ல புடி. தூசியக் காஞ்ச துணியால தொடச்சா கீறல். காக்கா எச்சம் வுழுந்தா, சோறு துன்னுக்கினு இருந்தாலும் எந்திரிச்சு வந்து கழுவு."

பூஜை போட மஞ்சளும் குங்குமமுமாக வந்த வக்கீல் வீட்டு அம்மாளையும் பாய் விடவில்லை. "அம்மா, கண்ணாடில வையுங்க. வார்னிஷ் மேல வாணாம், கறை இறங்கிடும்" என்று கும்பிட்டார். அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியிலேயே பொட்டு வைத்தாள்.

காஸ்பர் சாந்தோம்காரன், கோயிலுக்குப் பின்னால் வீடு. வேலை இல்லாமல் இரண்டு வருஷம் அலைந்து, ஊரெல்லாம் ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் இந்த வேலை கிடைத்திருந்தது. அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் அப்போது மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். பாய் சொன்னதை அவன் ஜெபம் மாதிரி கடைப்பிடித்தான். விடியும் முன்பே தெருக்குழாயில் குடம் வைப்பான். வண்டியை நிழலில் நிறுத்தி, தண்ணீரை மேலிருந்து வழியவிட்டு, மெத்தென்ற ஆட்டுத் தோலால் ஒற்றி எடுப்பான். மாதம் முடிந்ததும் பாயே வந்து தேன்மெழுகுப் பாலிஷ் போட்டுக் காட்டினார்.

அன்றுதான் பாய் அதைப் பார்த்தார். பின்பக்கத்து இடது கதவில், ஜன்னலுக்குக் கீழே, மிளகு அளவில் மங்கல் புள்ளிகள். விரலால் தடவினார். பிறகு காஸ்பரைப் பார்த்தார். காஸ்பர் என்னைப் பார்த்தான். நான் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

விஷயம் இதுதான். தினமும் கோர்ட்டுக்குப் போகும்போது நான் முன்சீட்டில் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, மடித்துப் பின்னால் நீட்டுவேன். வக்கீலுக்கு நாலு வெற்றிலை மெல்லாமல் வாய் திறக்காது. சாந்தோம் தாண்டிக் கடற்கரை ரோட்டில் வண்டி வேகம் பிடித்ததும் ஜன்னல் வழியாகத் துப்புவார். ஓடுகிற வண்டியில் காற்று அதைத் தரையில் விழவிடுமா? கதவெல்லாம் தெளிக்கும். கோர்ட்டுக்குப் போய்க் காஸ்பர் கழுவுவதற்குள் வெயிலில் காய்ந்து, சுண்ணாம்பு வார்னிஷைத் தின்றுவிடும்.

"குமாஸ்தா சாப், சுண்ணாம்ப கொஞ்சம் கொறச்சுப் போடேன்" என்றார் பாய். போட்டேன். இரண்டாம் நாளே பின்சீட்டிலிருந்து உறுமல் வந்தது. "என்னடா இது, சிவக்கவே இல்ல? மாடு தழை திங்கற மாதிரி இருக்கு!" மூன்றாம் நாள் பழையபடி தடவிக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

பாய் விடவில்லை. ஒரு வாரம் கழித்து, எச்சில் துப்புகிற பித்தளைப் படிக்கம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். குலுங்கினாலும் சிந்தாதபடி மூடி போட்டது. பின்சீட்டுக்குக் கீழே அதைப் பொருத்த வளையமும் செய்திருந்தார். "வக்கீல் சாப், என்னோட நஜர், சின்னக் காணிக்கை. வண்டில வசதியா இருக்கும்" என்று பணிவாக நீட்டினார்.

வக்கீல் முகம் கறுத்துவிட்டது. "எச்சிப் படிக்கத்தையா? ஆத்துல மூலையில இருக்கறது வேற. கேஸ் கட்டும் கவுனும் வெச்சுண்டு போற வண்டியில, கால்மாட்டுல எச்சில வெச்சுண்டு உக்காரச் சொல்றியா? ஆசாரம் தெரியாதவனோட இதுதான் தொல்லை. எடுத்துண்டு போ!" பாய் துணியை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆசாரமாம்! வண்டிக்குள் எச்சில் கூடாது, வண்டி மேல் முழுக்க எச்சில் இருக்கலாம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கை மட்டும் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியது.

சித்திரையில் ஒரு கல்யாணத்தில், இன்னொரு வக்கீல் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டார். "என்ன ஓய், புதுசா அடிச்ச வண்டிக்குச் சொறி பிடிச்சிருக்கே?" அவ்வளவுதான். மறுநாள் காலை பாயும் காஸ்பரும் போர்டிகோவில் நிற்கவைக்கப்பட்டார்கள். கேஸ் கட்டுகளோடு நான் பக்கத்தில் நின்றேன்.

வக்கீல் குறுக்கு விசாரணையில் புலி. மெதுவாகவே ஆரம்பித்தார். "ஒரு வருஷம் மங்காதுன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன், சாப்."

"மூணு மாசத்துல மங்கிடுத்தா, இல்லையா?"

"மங்கிடுச்சு, சாப்."

"அப்போ ஒண்ணு உன் பூச்சு மட்டம். இல்லேன்னா இவன் கழுவினது மட்டம். கழுவினதுன்னா இவன் இன்னிக்கே சாவிய வெச்சுட்டுப் போகட்டும். எது? ரெண்டுல ஒண்ணு சொல்லு. கதை வேண்டாம்."

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தார். மூன்றாவது பதில் என் விரல் நகத்தில் இருந்தது. நான் கட்டின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். காஸ்பர், "சார்..." என்று ஆரம்பித்தான். பாய் அவன் கையை அழுத்தினார்.

"கழுவினதுல குத்தமில்ல, சாப். அவன் தங்கமாட்டம் கழுவறான். பூச்சுதான்... என் பூச்சுதான் மட்டம்."

"ஒத்துண்டான் பார்!" என்று வக்கீல் தொடையில் தட்டினார். அன்று சாயங்காலமே கிளப்பில் சொன்னார். அடுத்த நாள் கோர்ட்டில் சொன்னார். தான் ஜெயித்த கேஸைச் சொல்வது போல ரசித்து ரசித்துச் சொன்னார். பாயின் ஷெட்டில் வரிசையாக நின்ற மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. ஆடி மாதம் ஷெட்டில் பூட்டு தொங்கியது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

வக்கீல் வண்டியைத் தேனாம்பேட்டையில் ஒரு பெரிய ஷெட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்குப் பேர்தான் வேலை! அந்தப் பாய் வந்து பாக்கணும்" என்றார். அவர் உள்ளே போனதும் காஸ்பர் என் காதோரம் வந்தான். "அண்ணே, அங்க உள்ள யார் வார்னிஷ் அடிச்சாங்கன்றீங்க? நம்ம பாய்தான். கூலிக்கு சேந்துகீறாரு. சட்டையில்லாம நின்னுக்கினு இருந்தாரு. என்னப் பாத்துட்டு, நல்ல தண்ணிதான ஊத்துறன்னு கேட்டாரு."

பூச்சு மாறினால் சுண்ணாம்பு மாறுமா? ஐப்பசிக்குள் அதே கதவு, அதே புள்ளிகள். மறுபடி போர்டிகோ. இந்தத் தடவை பாய் இல்லை.

"பெரிய ஷெட் வேலை மட்டமா இருக்காது. அன்னிக்கு ஏமாந்துட்டேன்" என்றார் வக்கீல். "காஸ்பர், சாவிய வை."

காஸ்பர் சாவியை வண்டியின் எஞ்சின் மூடி மேல் வைத்தான். கீறிவிடக் கூடாதே என்று கீழே கைக்குட்டையை விரித்து அதன் மேல் வைத்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"சார், அது சுண்ணாம்பு. தினம் நான் தடவிக் கொடுக்கிற சுண்ணாம்பு. நீங்க துப்புறது கதவுல தெளிக்குது. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். பாய் மேலயும் தப்பில்ல, இவன் மேலயும் தப்பில்ல. வேணும்னா என்னை அனுப்புங்க!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. வக்கீல் கோபப்படவில்லை. சாவியை எடுத்துக் காஸ்பர் பக்கம் நீட்டினார். பிறகு தணிந்த குரலில், "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருந்தியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா சார்? அப்போ பாய் பேரு... கிளப்புல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"நான் கேட்டேன். அவன் வாயாலேயே ஒத்துண்டான். முடிஞ்ச கேஸைத் திறக்கறதில்ல, பஞ்சாட்சரம். வண்டிய எடு, நாழியாறது."

அன்று சாந்தோம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து "நிறுத்து" என்றார். காஸ்பர் ஓரமாக நிறுத்தினான். இறங்கினார், துப்பினார், வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்தைத் தராமல்தான் ஒரு மனுஷனின் ஷெட்டை மூடவைத்தார். அதற்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை தேனாம்பேட்டைக்குப் போனேன். வாசலில் ஈரச் சாக்கு தொங்கியது. அதற்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னேன். நான் பேசிவிட்டேன் என்று சொன்னேன். கிளப்பில் வக்கீல் உண்மையைச் சொல்லமாட்டார் என்பதையும் சொன்னேன். உள்ளே பிரஷ் போகும் சத்தம் நிற்கவே இல்லை.

"காஸ்பர் வேலைல கீறானா?" என்று குரல் வந்தது.

"இருக்கான், பாய்."

"சரி."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சாக்கை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தேன். பாய் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெளியவே நில்லு, குமாஸ்தா சாப்" என்றார். "தூசி வரும்."