இத வெட்டிரு பாப்பா

பாய் கடையைக் காலி பண்ணுகிறார் என்று கேள்விப்பட்டு, போன வாரம் உத்தமபாளையம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கல்யாண வீடியோ மிக்ஸிங் கடை அது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த இடம். பாய் ஒரு அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"உங்கண்ணன் எடுத்தது ஏதும் இதுல கெடக்கும்மா. கொண்டு போயிப் பாரு."

திறந்தேன். சந்தன வாசனை. உள்ளே பழைய ஹார்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆயுதபூஜைக்கு லாரிக்கும் மண்வெட்டிக்கும் வைக்கிற பொட்டை ஹார்டு டிஸ்க்குக்கு வைத்தது என் அண்ணன்தான். கேமராமேன். அந்தக் கடையில் பூஜைக்குப் பொரி வாங்கி வருவதே பாய்தான், அது வேறு கதை. டிஸ்க்கின் மேல் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அதைச் சுற்றி இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும்.

"பாத்தியா பாப்பா, கம்பெனிக்காரனே பொட்டு வைக்க எடம் விட்டுருக்கான்" என்று குறி பார்த்து அதன் மேலேயே வைத்தான்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடேய், அது மூச்சு விடுற ஓட்டைடா! அடைக்காதேன்னு எழுதிருக்கான்ல?"

"எழுதிருக்கான் பாய். படிக்கத்தான் இங்கன ஆளில்ல."

பாயும் சிரித்துவிட்டார். அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் வைத்தான்.

எங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டு மூடியே கிடையாது. உள்ளே இருந்து இரண்டு ஒயர்கள் வெளியே தொங்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவோம். அதற்கென்று பாய் ஒரே ஒரு இணைப்பைத்தான் செட் பண்ணி, சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். கழற்றும் முன் கம்ப்யூட்டரில் 'ரிமூவ்' கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் நான் உடனே பிடுங்க மாட்டேன். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். உள்ளே சுற்றுவது கையில் தெரியும். அது மெதுவாகி, மெதுவாகி, ஒன்றுமில்லாமல் போனதும்தான் எடுப்பேன். "என்ன, காச்ச பாக்குறியா?" என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான்.

போன தை மாதம், சின்னமனூர் தாண்டி, பைக்கில். அதற்கு மேல் எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சில் வைத்த என் கையை நர்ஸம்மாதான் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி நின்றால் எனக்கு உள்ளங்கை கூசுகிறது.

அவன் போட்டோ நிறைய இருக்கிறது. குரல்தான் இல்லை. போன் அவனோடு நொறுங்கிவிட்டது. என் போனில் தேடினால் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூடக் கிடையாது. போடச் சொன்னால், "வீட்டுக்குத்தான வாரேன், வந்து சொல்றேன்" என்பான். எத்தனையோ கல்யாணம் எடுத்தவன், ஒன்றிலும் அவன் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் எப்படி உள்ளே வருவான்?

ஆனால் பேசியிருக்கிறான். எடுத்துக்கொண்டே என்னிடம் பேசுவான். "பாப்பா, மாப்ள கொட்டாவி விடுறாரு, இத வெட்டிரு." "பாப்பா, இந்த ஆத்தா சிரிப்ப மட்டும் விட்டுறாத, அழகா இருக்காக." மறுநாள் மிக்ஸிங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டு, அவன் சொன்னபடி வெட்டிவிட்டு, அவன் குரலையும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுவதுதான் என் வேலை. சிலசமயம் அவனுக்கு அது ரெக்கார்டிங் என்பதே மறந்துவிடும். போனில் பேசுவது மாதிரி வீட்டு விஷயமெல்லாம் சொல்வான்.

படம் முடிந்ததும் பாய் கேட்பார். "பார்ட்டி ஓகேன்னுட்டாகளா? அப்ப அடிச்சிரு." அடிப்பது என்றால் டிஸ்க்கை மொத்தமாக அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுப்பது. அண்ணன் குரலின் மேல் அண்ணன் குரலே வந்து வந்து அழிந்திருக்கிறது.

பெட்டியில் ஒரு டிஸ்க்கில் மட்டும் என் கையெழுத்து. 'ஓடைப்பட்டி. ஓகே வரல.' ஞாபகம் வந்துவிட்டது. யார் மாலை முதலில் என்று இரண்டு மாமன்மாருக்கும் மண்டபத்திலேயே சண்டை. மாற்றி மாற்றி வெட்டச் சொன்னார்கள். கடைசிவரை ஓகே சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அதனால் அடிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் டாக்கை மாட்டினேன். பிரெட் சுடுகிற மிஷின் மாதிரி இருக்கும், டிஸ்க்கை நிற்க வைத்துச் செருகலாம். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அவன் கொரலு இருக்குமாத்தா இதுல?"

"தெரியலம்மா."

செருகினேன். டிக், டிக் என்றது. ஒன்றும் வரவில்லை. எடுத்தேன். காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். அந்த ஓட்டை தெரிந்தது. அவன் விரல் பட்ட சந்தனம் அது, துடைத்திருக்க வேண்டாமோ என்றும் இருந்தது. மறுபடி செருகினேன். உள்ளே சுற்ற ஆரம்பித்தது.

பந்தி, மேளம், மாலை. மாமன்மார் சட்டையைப் பிடிக்கிறார்கள். சத்தத்துக்கு நடுவில், காதுக்குப் பக்கத்தில் அவன்.

"பாப்பா, சண்ட போடுறாக. இங்கன இருந்து வெட்டிரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டது. படம் ஆடியது, தரை தெரிந்தது, அவன் செருப்பு தெரிந்தது.

"அவ்வளவுதான் பாப்பா, முடிஞ்சுருச்சு. பந்தில கை நனைக்கல, ஒரே ரகள. வந்துக்கிட்டே இருக்கேன். அம்மாவ ரெண்டு தோச மட்டும் ஊத்தச் சொல்லு."

கறுப்பாகிவிட்டது. அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போட்டது.

இப்போது நான் வீட்டிலிருந்தேதான் வெட்டிக் கொடுக்கிறேன். கேமராமேன்கள் லிங்க் அனுப்புகிறார்கள். எதை வெட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் டைப் பண்ணிவிடுகிறார்கள். டிஸ்க் இல்லை, ஒயர் இல்லை, கையில் எதுவும் சுற்றுவதில்லை. படத்துக்குள்ளிருந்து பாப்பா என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை.

அவன் பேசிய அந்தத் துண்டை லேப்டாப்புக்கு ஏற்றிவிட்டேன். இனி கழற்றலாம். அடுப்படியில் மாவு சொய்யென்று விழுகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டேன். சுற்றிக்கொண்டிருந்தது. ரிமூவ் கொடுக்கவில்லை.